ஐந்து எவரிஸ்தோக்கள்

முதல் பக்கத்தில் ஒரு மரம் வரைந்திருந்தார்கள்,
வேர் மேலே, கிளை கீழே.
ஐந்து தலைமுறை. ஐந்து எவரிஸ்தோ.
எந்த எவரிஸ்தோ உப்புக்கிடங்கைக் கொளுத்தியவன்,
எவன் அண்ணிக்குக் கடிதம் எழுதியவன்,
சயனில் ஏறி பைகுல்லா வருவதற்குள் மறந்துபோகிறது.

மகளிர் பெட்டியில் ஒருத்தி பட்டாணி உரிக்கிறாள்.
இன்னொருத்தி என் தோளில் தூங்குகிறாள்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
ஒரு தையல்காரனுக்கு
அவன் அப்பாவின் நிழல் விழுகிறது.
துணி வாங்க வந்தவர்கள்
நிழலைத் தாண்டி நடந்து போகிறார்கள்.
யாரும் ஆச்சரியப்படவில்லை.
அதுதான் எனக்கு எரிச்சல்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
சும்மா அடிச்சு விடறான்.

"கதைச்சுருக்கம் போதும்டி" என்றாள் ஷாயிஸ்தா,
"பத்து மார்க்குக்கு இவ்வளவு பேர் சாகணுமா?"
ஒன்பது நாள் பையிலேயே கிடந்தது,
டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில்,
ஒரு மூலை ரசத்தில் ஊறி.

பிறகு மழை.
மாட்டுங்காவுக்கும் சயனுக்கும் நடுவே
தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது.
மூன்று மணி நேரம்.
போனில் சார்ஜ் இல்லை.
வேறு வழியில்லாமல்
மூன்றாம் எவரிஸ்தோவின் மனைவியோடு
கிணற்றடிக்குப் போனேன்.
காணாமல் போன மகளைக்
குனிந்து உள்ளே கூப்பிடுகிறாள் அவள்.
கிணறு பதில் சொல்லவில்லை.
அது ஒரு தலைமுறை தாமதமாய் எதிரொலிக்கிற கிணறு.
அறுபது பக்கம் தள்ளி
யாரோ ஒரு சின்னப் பெண் வாளியை இறக்கும்போது
யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.
பட்டாணிக்காரி ஒரு கைப்பிடி நீட்டினாள்.
பச்சையாய்த் தின்றேன்.
தோலொன்று இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வாரம்தான் எங்கள் சந்தில்
சர்வேக்காரர்கள் வந்தார்கள்.
கதவில் சிவப்புப் பெயிண்டில் எண்.
"சுடலைமுத்து யாரு?"
அப்பாவின் அப்பா. இறந்து பதினேழு வருடம்.
ரேஷன் கார்டில் மட்டும் சாகவில்லை.
இரண்டாயிரத்துக்கு முன்னால் நாங்கள் இங்கே இருந்ததற்கு
அவர் ஒருத்தர்தான் சாட்சி.
"இவன்தான்" என்று அப்பா
அண்ணனைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.
பொய் இல்லை. அவன் பேரும் அதுதான்.
கார்டில் வயது எழுபத்திரண்டு.
அண்ணனுக்கு இருபத்து நான்கு, அதிலும் தாடி சரியாய் வளரவில்லை.
டேப்லெட்காரன் அண்ணனைப் பார்த்தான்,
கார்டைப் பார்த்தான்,
கட்டிங் சாயைக் குடித்து முடித்தான்,
பதிந்துகொண்டான்.
யாரும் ஆச்சரியப்படவில்லை.

அம்மா மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.
மாமனார் பேராயிற்றே.
பிறந்த நாளிலிருந்து அண்ணன் அவளுக்குத் "தொரை".
அதட்டினாலும் "எலேய் தொரை".
ஒரு பெயருக்குள் இன்னொருவர்
கால் மடக்கி உட்கார்ந்திருப்பது
அவளுக்கு எப்போதோ தெரியும்.

என் பேர் கார்டில் இல்லை.
சேர்க்கப் போனால்
தாத்தா எங்கே என்று கேட்பார்கள்.

அன்று இரவு நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குத் திரும்பி
எழுதியதை அழித்தேன்.
எழுத்து போயிற்று, அழுத்தம் போகவில்லை.
தடவினால் விரலுக்குத் தெரிகிறது.
விடிய நாலரைக்கு, தண்ணீருக்கு முன்னால்
குழாயில் காற்று வரும், இருமிக்கொண்டு.
வழக்கமாகக் காதைப் பொத்திக்கொள்வேன்.
அன்று குடத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.
காற்றுதான்.
இருந்தாலும் நின்றேன்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்:
மாய யதார்த்தத்தின் கூறுகளை
எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
எடுத்துக்காட்டுகளை எழுதினேன், நாவலில் இருந்து மட்டும்.
மிச்சத்தை எழுதினால் வீடு போய்விடும்.

புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது
பதினொரு நாள் தாமதம், அபராதம் இருபத்திரண்டு ரூபாய்.
"நாம்?" என்றான் நூலகத்துப் பையன், நிமிராமலே.
இசக்கி, என்றேன்.
ரசீதில் இஷிகா என்று எழுதினான்.

திருத்தச் சொல்லவில்லை.
மடித்துப் பர்சில் வைத்திருக்கிறேன்.
இந்த வீட்டில் இஷிகா என்று யார் இருந்தது என்று
யாராவது கேட்கட்டும்,
அவசரமில்லை,
ஒரு தலைமுறை கழித்து.